சாம்பிராணி குடித்த மீன்கள்

கல்முனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் முஸ்தாக் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயன் கிருபையால் நான் சுகம். உன் சுகமும் மருமகள் நஸ்லா, பிள்ளைகள் நால்வரின் சுகமும் அறிய ஆவல். நீ விட்டுப்போன ஆறு மீன்களும் சுகமாகவே இருக்கின்றன. இந்தக் கடிதம் எழுத நேர்ந்ததே அதனால்தான்.

“வாப்பா மவுத்தான பிறகு தனிய இருக்கிறீங்க, கண்ணுக்குத் துணையா இருக்கட்டும், ஒரு கரைச்சலும் தராது” என்று சொல்லி நீ வைத்துவிட்டுப் போனாய். நான் துணை கேட்டேனா? கறுப்புப் பாவாடை மீன் என்று விற்றானே கடைக்கார ஜவாத், கொன்வென்டில் சிஸ்டர்மாரிடம் படித்த எனக்குப் பாவாடை எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். இதுகள் உடுத்தியிருப்பது கந்தல். ஒன்றின் செட்டையை ஒன்று கடித்துக் கிழிக்கிறது. எல்லாவற்றுக்கும் தலைவன் ஒருவன் இருந்தான். கொன்வென்ட் முறைப்படி அவனை வகுப்புக்கு வெளியே, ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலில் வைத்தேன். இரண்டு நாளில் அவன் வெளிறிப்போய்த் தீனியைத் தொடவில்லை. சரி, திருந்தினான் என்று பார்த்தால், உள்ளே இருந்த ஐந்தும் முன்னையை விட மோசமாகக் கடிபட்டன. ஜவாத்தைக் கூப்பிட்டேன்.

“மாமி, இது கூட்டமாச் சீவிக்கிற சாதி. ஆறுக்குக் குறைஞ்சாக் கடிபடும். தனிய வெச்சா மெலிஞ்சிரும்” என்றான். அதைச் சொல்லும்போது தொட்டியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். நீ அவனோடு ஏதும் கதைத்தாயா?

இதெல்லாம் பெரிதில்லை. நேற்று வியாழக்கிழமை, அந்தி மஃரிப் தொழுகையோடு வீட்டுக்குச் சாம்பிராணி போடுகிற வழக்கம் உனக்குத் தெரியும். சமைக்க வரும் செல்லத்தங்கம் சட்டியைக் கொண்டுபோய் மீன்தொட்டியின் காற்று மோட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த மோட்டர் நல்ல காற்று, கெட்ட காற்று பார்க்குமா? புகை முழுவதையும் இழுத்துத் தண்ணீருக்குள் விட்டது. நான் தொழுது ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்க்கிறேன், ஒவ்வொரு குமிழியும் மேலே வந்து வெடித்துப் புகை விடுகிறது, தொட்டியில் இருந்த ஐந்தும் மேலே வந்து வாயைப் பிளக்குதுகள். இவள் ஓடி வந்து என்ன சொன்னாள் தெரியுமா? “உம்மா, எங்கட ஊர் பெரியநீலாவணையில மீனைக் காயப்போட்டுத்தான் கருவாடு ஆக்குற. நீங்க உசிரோடயே புகை போடுறீங்க!” சிரிக்கிறாள் மகன், சட்டியை வெச்சதே அவள்தான்! தொழுத பாயையும் மடிக்காம, பிடிச்சு வெச்சிருந்த தண்ணிய நானும் அவளுமா வாளி வாளியா மாத்தினம். என்ட முழங்கால் எனக்குத்தான் தெரியும். ராவைக்கு இஷா பாங்கு சொல்லும் மட்டும் கதிரையைப் போட்டுத் தொட்டிக்கு முன்னுக்கே இருந்தன். ஒண்டும் சாகல்ல. அப்படிக் கெட்டி உசிரு.

போதும் மனே. பெருநாள் முடிய வேன் கொண்டு வந்து, வீட்டைப் பூட்டி, என்னைத் தெஹிவளையில் உன் நாலாம் மாடி வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். அந்த வேனில் முதலில் மீனை ஏற்று. என் கதையைப் பிறகு கதைப்போம்.

உங்கள் அனைவருக்கும் நீண்ட ஆயுளையும் ஹலாலான ரிஸ்க்கையும் பிழைப்பையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
துஆவுடன் உன் உம்மா.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் ஜவாத் வந்து பார்த்தான். ஒன்று சினைப்பட்டிருக்கிறதாம். ஒன்பது மணித்தியாலம் வேனில் குலுக்கினால் தாங்காதாம். தொட்டியை அசைக்க ஏலாது, அதுகளை விட்டுவிட்டு நானும் வர ஏலாது. ஆகவே வேன் பிடிக்காதே. போத்தலில் இருந்த தலைவனைத் திரும்பத் தொட்டிக்குள் விட்டுவிட்டேன், நான் கதிரையில் இருந்தால் கடிக்கிறான் இல்லை. பெருநாளைக்கு நீங்கள் வாருங்கள். நீ, நஸ்லா, பிள்ளைகள் நாலு. ஆறுக்குக் குறையக் கூடாது.