உயிர்வேலி அளக்கும் மனிதர்

உயிர்வேலி அளக்கும் மனிதர் என்றொரு இனம் உண்டு. டென்மார்க்கில் ஊரோரமாகத் துண்டு துண்டாகத் தோட்டமனைகள் பிரித்துக் கொடுத்திருக்கும் காலனிகளில் இது செழித்து வளர்கிறது. ஏப்ரலில் கண் விழிக்கும், ஜூனில் கடிக்கும். அடையாளம் காண்பது சுலபம். கையில் ஒரு கோல், அதில் தோளுயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. உங்களோடு பேசும்போது பார்வை உங்கள் முகத்தில் நிற்காது. உங்களுக்குப் பின்னால் இருக்கும் வேலியின் உச்சியில் நிற்கும். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

எங்கள் காலனியில் அந்தப் பதவி டோர்கிலுக்கு. யாரும் கொடுத்ததில்லை, யாரும் பிடுங்கத் துணிந்ததும் இல்லை.

அவருடைய வேலியைப் பார்க்க வேண்டும் நீங்கள். நவம்பர் குளிரில் இலை காய்ந்த பீச் மரக்கன்றுகளை மண் ஒட்டாத வெறும் வேரோடு கட்டாக வாங்கிவந்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, கோடிக்குக் கோடி நூல் கட்டி நட்டு, அடி அகன்று உச்சி ஒடுங்கி நிற்கும்படி ஆண்டாண்டாகக் கத்தரித்து, ரசமட்டம் வைத்து உச்சியைச் சரிபார்த்து, வசந்தம் தவறாமல் அதன் காலடியில் மக்கிய இலையையும் குதிரைச் சாணத்தையும் வண்டி வண்டியாகக் கொட்டி, பெற்ற பிள்ளையின் பிறந்தநாளை மறந்தாலும் அதற்குச் சாணம் வைக்கும் நாளை மறக்காமல் வளர்த்த வேலி அது. நூல் பிடித்தாற்போல நிற்கும். பார்த்தால் பாராட்டத்தான் தோன்றும். ஆனால் பாராட்டிவிடாதீர்கள், மதியச் சாப்பாடு போய்விடும்.

இந்த பீச் பழ மரமல்ல, காட்டு மரம். அதன் வேலிக்கு ஒரு குணம். இலை காய்ந்தாலும் உதிர்க்காது. பனிக்காலம் முழுக்கப் பழுப்பு இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், புதுத் தளிர் வந்து தள்ளினால்தான் விடும். டோர்கிலும் அப்படியே. அவர் வேலியை எப்போதோ "பரவாயில்லை" என்று சொன்ன மனிதரோடு இன்றுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

எங்கள் சங்கத்தின் விதி எளிது. ஜூன் கடைசியில் வரும் சாங்க்த் ஹான்ஸ் நாளில் ஊர்கூடி நெருப்பு மூட்டி, கோடை பிறந்ததென்று பாடுவோம். அதற்குள் எல்லா வேலியும் வெட்டியிருக்க வேண்டும், கோலின் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. போகிறவர் வருகிறவர் வேலிக்கு மேலாக ஒரு வணக்கம் சொல்லிக்கொள்ளட்டும் என்று பழைய ஆட்கள் நல்லெண்ணத்தில் போட்ட விதி. வணக்கம் நின்றுபோய் வெகுநாளாகிறது. விதி மட்டும் நிற்கிறது. தாண்டினால் எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கையில் மனையே போய்விடும்.

டோர்கிலின் பக்கத்து மனைக்காரி மெரெட்டே ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரும்பாலும் இரவு வேலை. ஊருக்குள் அவளுக்கு இருப்பது வடக்குப் பார்த்த நாலாம் மாடி வீடு. வெயிலில் உட்கார அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த மனைதான்.

சாங்க்த் ஹான்ஸ் அன்று காலை கமிட்டி கிளம்பியது. டோர்கில், பின்னால் தலையாட்ட இருவர், காப்பி ஃபிளாஸ்க் தூக்க நான். மெரெட்டேயின் வேலி முன் கோல் நின்றது.

"மெரெட்டே, இந்த மூலை கோட்டுக்கு மேல நிக்குது."

"அங்க மட்டுந்தான். உள்ள கருங்குருவி கூடு கட்டியிருக்கு, குஞ்சு இன்னும் பறக்கல. பறந்த மறுநாளே வெட்டிடறேன்."

"குஞ்சுக்கு விதி தெரியாது, சரி. உனக்குத் தெரியுமில்லம்மா?"

"டியூட்டி முடிஞ்சு தூங்காம வந்து மிச்சத்தையெல்லாம் வெட்டியிருக்கேன், பாருங்க."

"நல்லாத்தான் வெட்டியிருக்கே. ஆனா வெட்டாததுதானே கண்ணுல படுது."

மெரெட்டே கையை நீட்டினாள். "அந்தக் கோலைக் கொஞ்சம் கொடுங்களேன்."

கோல்மீது ஒருவருக்கு ஆசை வந்ததில் டோர்கிலுக்கு உள்ளூரச் சந்தோஷம். கொடுத்தார். அவள் நாலு எட்டு நடந்து, அவருடைய வேலிக்கு முன்னால் பாதையில் அதை ஊன்றினாள். சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு சாண் வேலி நின்றது.

கமிட்டி தலையாட்ட மறந்தது.

"கோல் சாஞ்சிருக்கும்," என்றார் டோர்கில். ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். சாயவில்லை. "உள்ள வந்து அளந்து பாரு. மயிரிழை பிசகாது."

உள்ளேயிருந்து அவர் மனைவி பொடிலின் குரல் கேட்டது. "உள்ள சரியாத்தான் இருக்கும். இத்தனை வருஷமா கொட்டின சாணத்துமேல ஏறி நின்னுக்கிட்டு அளந்தா யாருக்குத்தான் சரியா இருக்காது?"

விஷயம் அவ்வளவுதான். உரம் கொட்டிக் கொட்டி உள்ளே தரை உயர்ந்திருந்தது. அவர் எப்போதும் உள்ளே நின்றுதான் வெட்டினார், உள்ளே நின்றுதான் அளந்தார். ஊரை அளப்பவரை யார் அளப்பார்கள்?

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சிரித்துவிட்டு, கத்தரியை எடுத்திருப்பீர்கள். டோர்கில் பாதையைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"பாதைதான் தாழ்ந்துபோச்சு," என்றார். "இனிமே வேலிக்காரர் மண்ணுல நின்னு அளக்கறதுதான் முறை. கமிட்டி என்ன சொல்லுது?"

கமிட்டிக்குத் தலை திரும்பவும் ஆடத் தொடங்கியது. என் தலையும்தான்.

"முடிவாச்சா?" என்று கேட்டாள் மெரெட்டே.

"முடிவாச்சு."

அவள் உள்ளே போனாள். குடிசைக்குப் பின்னால் தள்ளுவண்டி கிறீச்சிட்டது. குவியல் குவியலாக உரத்தைக் கொண்டுவந்து அந்த மூலையில் வேலியின் காலடியில் மெல்லக் கொட்டி, மண்வெட்டியால் தட்டி, அதன்மேல் கோலை ஊன்றினாள். இப்போது கோடு மேலே இருந்தது, வேலி கீழே இருந்தது. உள்ளே கருங்குருவி கத்திக்கொண்டிருந்தது.

"என் மண்ணு," என்றாள். "அளந்துக்கோங்க."

டோர்கில் உள்ளே வந்து பார்த்தார். குவியலில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். ஒரு மனிதருக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

"இன்னும் சரியா மக்கல," என்றார். கோலை வாங்கிக்கொண்டு அடுத்த மனைக்கு நடந்தார்.

உங்களுக்கு வேலியும் இல்லை, தோட்டமும் இல்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எதிர்வீட்டார் வண்டி நிறுத்தும் லட்சணத்தையும், மைத்துனர் பிள்ளை வளர்க்கும் அழகையும், இந்தக் கட்டுரையில் சாணத்தைப் பற்றி வந்த அந்த ஒரு வாக்கியத்தின் நீளத்தையும் அளந்து பார்த்தீர்கள் அல்லவா? அந்தக் கோல் உங்கள் கையில்தான் இருக்கிறது. தாராளமாக அளங்கள். ஊன்றுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து, காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த வேலிக்குப் போட்டது என்பதால் வாசனை தெரியாமல் இருக்கலாம்.