போர் அடிக்குதுன்னு சொன்ன மாப்பிள்ளைக்கு

மல்லசமுத்திரம்

அன்புக்கும் அருமைக்கும் உரிய மாப்பிள்ளை கௌசிக்குக்கு, உன் தாய்மாமன் மணியன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அத்தை ராசாத்தியும் மாடு கன்றும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ சொன்னால்தான் உண்டு, நீயோ போனையே எடுக்க மாட்டேன் என்கிறாய்.

வேலை போனதிலிருந்து பெங்களூர் அறையைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடக்கிறாய் என்று உன் அம்மா இங்கே வந்து அழுதாள். போன வாரம் அதிசயமாகப் பேசியவன், "எல்லாமே போர் அடிக்குது மாமா" என்றாய். நான் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு போய்ப் பாதி இந்தியாவைத் துளைத்தவன். போர் என்று காதில் விழுந்ததும், "எத்தனை அடி போயிருக்கு, தண்ணி காமிச்சுதா?" என்று கேட்டுவிட்டேன். நீ பட்டென்று வைத்துவிட்டாய். அப்புறம்தான் விளங்கியது, இது வேற போர்.

இந்த விசயத்தில் நான் சாதாரண ஆளில்லை மாப்ளே. ரிக்கை விட்டுப்போட்டு வீட்டில் உட்கார்ந்த வருசம் எனக்கும் இப்படித்தான், விடிஞ்சா எதுக்கு எந்திரிக்கறதுன்னு இருந்துச்சு, சேலத்து மனநல டாக்டர்கிட்டப் போனேன், எனக்கு ஒண்ணுமில்லை, உன் அத்தைக்குத் துணைக்குப் போனதுதான், ஆனா டோக்கன் என் பேர்ல இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் டாக்டர் எழுந்து நின்றார். ஃபேன் போட எந்திரிச்சார் என்பாள் உன் அத்தை, நம்பாதே. காலைல வெய்யில்ல நடங்க, நேரத்துக்குத் தூங்குங்க, ஊட்ல இருக்கறவங்ககிட்ட நல்லதா நாலு வார்த்தை பேசுங்க, மனசுல இருக்கறதை ஒருத்தர்கிட்டயாவது கொட்டுங்க என்றார். எல்லாம் எனக்கு முன்னமே தெரியும், செய்யலை, அவ்வளவுதான்.

நடக்கப் போனேன். நம்மூர்ல ஒரு மனுசன் சும்மா நடந்தா விடுவாங்களா? "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்று எதிர்வீட்டு மாதையன் பைக்கை நிறுத்தினான். வேண்டாம்னா கோவிச்சுக்குவானேன்னு ஏறிக்கொண்டேன், அன்றைய நடை பூராவும் பைக்கிலேயே முடிந்தது. வீட்டுக்கு வந்து, "ரசம் அமிர்தமா இருக்குது ராசாத்தி" என்றேன். கரண்டியோடு நின்றவள், "எந்தக் காட்டை வித்துப்போட்டு வந்து நிக்கறீங்க?" என்றாள். நிலப் பத்திரத்தை எடுத்துக் காட்டின பிறகுதான் தட்டில் சோறு விழுந்தது. ஆனா இப்ப மாதையன் பைக்கை ஊட்லயே நிறுத்திப்போட்டு என்கூட நடக்கறான், அவனுக்கும் தூக்கமில்லையாமா, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போறதுல மனசு லேசாகுது, படுத்தாத் தூக்கம் வருது. வேலை செஞ்சது நடையா பேச்சான்னு எனக்கே தெரியலை.

வேலை போனது உன் குத்தமில்லை சாமி. எல்லாத்தையும் நாளைக்கே ஆரம்பிக்க வேண்டாம். முதல்ல ஜன்னலைத் திறந்து வெய்யிலை உள்ளே விடு. தோணுறப்ப ஒரு போன் பண்ணு. அவசரமே இல்லை. அதுவரைக்கும் யாரும் வந்து உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டோம், அது என் பொறுப்பு.

நல்ல பசியும் நல்ல தூக்கமும் உன்னைத் தேடி வரட்டும் என்று வாழ்த்தும்,
உன் மாமன் மணியன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. இப்போது கதவுக்கு அடியில் தள்ளியது நான்தான். உங்கம்மாவும் அத்தையும் சாப்பாட்டுக் கூடையோட மாடிப்படி ஏறிட்டு இருக்காங்க. மேலே எழுதினதை அப்புறமாப் படிச்சுக்கலாம், இப்பக் கதவைத் திற சாமி. சேலத்துல பஸ் ஏறினது, மாமனுக்கு பாத்ரூம் அவசரம்.