மெதுவாக வந்த பந்தும் மட்டையோடு ஓடிய மாப்பிள்ளையும்

கிரிக்கெட் ஆடி வளர்ந்த ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் மட்டை போன்ற எதைக் கொடுத்தாலும், எதிரில் பந்து போன்ற எதை எறிந்தாலும் அடித்துவிடலாம் என்று நம்புவோம். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. வைத்தியம் பார்த்தது ஒரு பெண். இடம், ஷார்ஜாவில் ஒரு பூங்கா. இரண்டு குடும்பங்களும் ஒரு காவல்காரரும் சாட்சி.

அப்போது நான் அஜ்மானில் ஒரு அறையில் இருந்தேன். துபாயில் குளிரூட்டி விற்கும் கம்பெனியில் வேலை. காலையில் இரண்டு எமிரேட்டுகளின் நெரிசலைத் தாண்டிப் போய், மாலையில் அதே நெரிசலைத் தாண்டி வருவதுதான் என் இளமை. ஷார்ஜாவில் இருந்த என் அக்கா, எனக்குப் பெண் பார்ப்பதை இரண்டாவது டியூட்டியாகச் செய்துகொண்டிருந்தாள்.

அப்படி ஒரு பிறந்தநாள் விழாவில்தான் மதுராவைப் பார்த்தேன். பெற்றோருக்கு யாழ்ப்பாணம், அவள் வளர்ந்தது டொரொண்டோவில், வேலைக்காகத் தாய் தகப்பனோடு துபாய்க்கு வந்தவள். கையில் பாதி கடித்த ஒரு ரோல்ஸை வைத்துக்கொண்டு யாரோ சொன்ன பகிடிக்குத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பிலேயே நான் காலி. அக்கா என்னைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"உங்கட பேர் என்ன?" என்று கேட்டாள் மதுரா.

"அஜ்மான்" என்றேன்.

(என் பெயர் சுதன். அது நினைவு வந்தபோது அவள் ஐஸ்கிரீம் எடுக்கப் போய்விட்டாள்.)

இருந்தும் அக்கா விடவில்லை. மதுராவின் தாய் தகப்பனோடு கதைத்தாள். பெண் ஏற்கெனவே வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் தன் சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேசினாராம். இன்னொருவர் பேசவே இல்லையாம். லீவில் டொரொண்டோவிலிருந்து வந்திருந்த மதுராவின் அண்ணன் குகன் என்னோடு கதைக்க வேண்டும் என்றாராம். போனை எடுத்தேன்.

"தம்பி, நீர் நல்லா விளையாடுவீராம் எண்டு அக்கா சொன்னவ."

"ஓம் அண்ணை. கிரிக்கெட்."

"நாங்கள் பேஸ்போல் ஆக்கள். உமக்கு அது தெரியுமோ?"

ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்க வேண்டும். 'தெரியாது.' அவ்வளவுதான். ஆனால் வியாதி முற்றியவனின் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஓம் ஓம். எல்லாம் ஒண்டுதானே அண்ணை!"

"அப்ப நல்லது! வாற சனிக்கிழமை பார்க்குக்கு வாரும். மதுராதான் எறிவள். பள்ளிக்கூட டீமில பிச்சர் அவள். நீர் அடியும், பாப்பம்."

அக்காவிடம் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"இந்த இடமும் கைநழுவிப் போச்சுதெண்டால் நான் இனி ஒருத்தரோடயும் கதைக்கமாட்டன். நீயே எங்கயாவது விளம்பரம் குடுத்துப் பார். கேக்குதே?"

கேட்டது. ஆனால் எனக்கு விளம்பரமும் வேண்டாம், வேறு இடமும் வேண்டாம். மதுராதான் வேண்டும். அதற்கு அவள் எறியும் பந்தை நான் அடிக்க வேண்டும். வாழ்க்கை இவ்வளவு தெளிவாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

என் அறைத்தோழர் ஜமால் காக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். கீழக்கரைக்காரர், அங்கே காக்கா என்றால் அண்ணன்; துபாய் டேராவில் அத்தர் கடை. கொசு அடிக்கும் மட்டையைத் தவிர வேறு மட்டையைத் தொட்டவர் அல்ல. ஆனால் உலகத்தில் எந்த விஷயத்திலும் அவருக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருந்ததில்லை.

"முதல்ல எதிரி கையில என்னென்ன பந்து இருக்குண்டு தெரியணும் தம்பி. அதுல எது ரொம்பக் கஷ்டமோ, அதுக்குத் தயாராயிட்டா மத்ததெல்லாம் தூசி" என்றார்.

எவ்வளவு சரியான யோசனை! கட்டிலில் சாய்ந்துகொண்டு இருவரும் போனில் ஆராய்ச்சியைத் தொடங்கினோம். பேஸ்போலில் அடிக்க மிகக் கடினமான பந்து எது?

முதலில் வேகப்பந்து. எறிந்தவரின் கை தெரிந்தது, பிடித்தவரின் கை தெரிந்தது, நடுவில் பந்தைக் காணவில்லை. காக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"நேராத்தானே வருது? வர்ற வழியில கட்டையை நீட்டுனா அதுவா வந்து படப்போவுது."

அடுத்து வளைபந்து. தலைக்கு வருவதுபோல் வந்து முழங்காலுக்கு இறங்கியது. பிறகு ஸ்லைடர் என்று ஒன்று, அருகில் வரும்வரை நல்ல பிள்ளை மாதிரி வந்து கடைசி நேரத்தில் பக்கவாட்டில் நழுவியது. அதற்குப் பிறகு நக்கிள்! சுழலவே சுழலாது. காற்றில் தள்ளாடித் தள்ளாடி வரும். எந்தப் பக்கம் போகும் என்று எறிந்தவருக்கே தெரியாதாம். காக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இதுதான் தம்பி! அடிக்கிறவனுக்கும் தெரியாது, புடிக்கிறவனுக்கும் தெரியாது, எறிஞ்சவனுக்கே தெரியாதுண்டா, இதுக்கு மேல என்ன இருக்கு? கலாஸ், முடிஞ்சது! முதல் பரிசு இதுக்குத்தான்!"

நான் ஸ்லைடர் கட்சி. நெடுநேரம் வாதாடினோம். அடுத்த வீடியோ தானாகவே ஓடத் தொடங்கியது. அதில் ஒருவர் வேகப்பந்து எறிவதுபோலவே கையைச் சுழற்றினார், ஆனால் பந்து மெதுவாக வந்தது.

"மெதுவா வர்றதை அடிக்கச் சொல்லித்தர ஒரு வீடியோவா? தள்ளு, தள்ளு" என்றார் காக்கா.

தள்ளினேன்.

(அந்த வீடியோவைத் தள்ளிய விரலை இன்றைக்கும் அவ்வப்போது பார்த்துக்கொள்வேன்.)

அந்த வாரம் முழுக்க மாலையில், எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கும் மணல் வெளியில் பயிற்சி. காக்கா சுருட்டிய காலுறைகளை எறிவார். நான் வீடு கூட்டும் தும்புத்தடிக் கட்டையால் சுழற்றுவேன். "சீக்கிரம் சுத்து! பந்து கையை விட்டுக் கிளம்புறப்பவே சுத்து! யல்லா!" என்று கத்துவார். அந்த வழியாக வந்த பட்டாண் டிரைவர் ஒருவர் எங்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பேசாமல் தன் டாக்ஸியை எடுத்துத் தூரத்தில் நிறுத்தினார். ஆனால் வார முடிவில் நான் காலுறைகளைப் பறக்க விட்டுக்கொண்டிருந்தேன்! என் வாழ்க்கையில் அவ்வளவு தன்னம்பிக்கையோடு இருந்ததே இல்லை.

சனிக்கிழமை வந்தது. குளிர்காலம் என்பதால் பூங்கா நிறையக் குடும்பங்கள். மதுராவின் தகப்பன் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார், தாய் பாய் விரித்து உட்கார்ந்திருந்தா. அக்கா அவ பக்கத்தில் உட்கார்ந்து நான் எவ்வளவு பொறுமைசாலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குகன் அண்ணை ஒரு ரப்பர் தட்டை என் முன்னால் தரையில் வைத்தார். அதன் பக்கத்தில் நின்று அடிக்க வேண்டும். தூரத்தில், எனக்கு நேர் எதிரே, தொப்பி போட்டுக்கொண்டு மதுரா நின்றாள். எனக்குக் கால் தரையில் இல்லை.

"ரெடியோ, அஜ்மான்?" என்று கேட்டாள்.

பெயரை மறக்கவில்லை! இதைவிட நல்ல சகுனம் வேறு என்ன வேண்டும்?

முதல் பந்து. கை சுழன்றதைப் பார்த்தேன். பந்து 'விர்' என்று வந்தது. கொஞ்சம் வெளியே போகிறது என்று பட்டது. தேர்ந்த தொடக்க ஆட்டக்காரனாக மட்டையைத் தலைக்கு மேல் உயர்த்தி, ஒதுங்கி, மிக நேர்த்தியாக அதை விட்டேன். எங்கள் ஊர் மைதானமாக இருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

"ஸ்ட்ரைக்!" என்றார் பின்னால் குந்தியிருந்த குகன் அண்ணை.

"வைட் இல்லையோ அண்ணை?"

"என்ன வைட்? தட்டுக்கு மேலாலதானே வந்தது. நீர் ஏன் கும்பிட்டனீர்?"

இரண்டாவது பந்து. அறையில் இருந்த காக்காவின் குரல் என் காதுக்குள் கத்தியது: கையை விட்டுக் கிளம்பும்போதே சுத்து! மதுராவின் கை அதே வேகத்தில் சுழன்றது. அதே முகம், அதே தோள், அதே கால். நான் என் உயிரைக் கொடுத்துச் சுழற்றினேன். காற்று கிழிந்தது. மட்டை என்னைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டு, என்னையும் கூட இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் உட்கார வைத்தது.

அப்போதும் பந்து வந்துகொண்டிருந்தது.

நான் தரையில் உட்கார்ந்தபடி அது வருவதைப் பார்த்தேன். எந்த அவசரமும் இல்லாமல், வழியில் யாரையோ நலம் விசாரித்துவிட்டு வருவதுபோல் வந்து, என் தலைக்கு மேலால் குகன் அண்ணையின் கைக்குள் விழுந்தது. கிரிக்கெட்டிலும் மெதுவான பந்து உண்டுதான், ஆனால் அங்கே அது நிலத்தில் குத்தி எழும்புவதற்குள் நமக்கு ஒரு மறுவாழ்வு கிடைக்கும். இங்கே அந்தக் கருணை இல்லை.

"ஸ்ட்ரைக் டூ!"

பாயில் இருந்த அக்கா பொறுமையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். இன்னும் ஒன்று விட்டால் அவுட். மதுரா உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். இனி அந்த மெதுவான பந்துக்குக் காத்திருப்பது என்று முடிவு செய்தேன். வரட்டும், வரட்டும், அவசரப்படாதே சுதன்.

வந்தது வேகப்பந்து.

சுழற்ற நேரமில்லை. பதினைந்து வருடப் பழக்கம் என்னைக் கேட்காமலே இடது காலை முன்னால் வைத்து, மட்டையை நேராக இறக்கித் தடுத்தது. பட்டது! பந்து மட்டையில் பட்டு மதுராவை நோக்கி உருண்டது! அந்த ஒரு சத்தம் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஓடு, ஓடு!" என்று குகன் அண்ணை வலது பக்கம் கையைக் காட்டிக் கத்தினாராம். 'ஓடு' மட்டும்தான் எனக்குக் கேட்டது. கிரிக்கெட்காரன் எங்கே ஓடுவான்? மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, நேர் எதிரே, மறுமுனைக்கு ஓடுவான். மறுமுனையில் மதுரா நின்றுகொண்டிருந்தாள்.

மட்டையை நீட்டிப் பிடித்தபடி பெண்ணை நோக்கி நான் பாய்ந்து ஓடினேன்.

"ஐயோ, என்ர பிள்ளையை அடிக்கப் போறான்!" என்று அவளுடைய தாய் அலறினா. தகப்பன் இறைச்சி குத்தும் கம்பியோடு கிளம்பினார். "தம்பீ!" என்று அக்கா போட்ட சத்தம் அஜ்மான்வரை கேட்டிருக்கும். வாசலில் இருந்த காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு, "பாய்! பாய்! ருக்கோ!" என்று இந்தியில் நிற்கச் சொல்லிக்கொண்டு ஓடி வந்தார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ரன் அவுட் ஆகக் கூடாது, அவ்வளவுதான். கடைசி நேரத்தில் நெடுஞ்சாண்கிடையாகப் பாய்ந்து, மட்டையின் நுனியைக் கோட்டுக்குள் ஊன்றினேன். கோடு என்று நான் நினைத்தது மதுராவின் காலில் இருந்த சப்பாத்து.

வாயெல்லாம் புல். மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன். மதுரா அசையவே இல்லை. குனிந்து காலடியில் கிடந்த பந்தை எடுத்து என் உச்சந்தலையில் மெல்லத் தொட்டாள்.

"அவுட்" என்றாள்.

தகப்பன் குகன் அண்ணையிடம், "பெடியனுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று ரகசியமாகக் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. காரில் அக்காவோடு திரும்பினேன். எனக்கு அழுகை வந்தது. பந்து போனால் போகட்டும், அந்தச் சிரிப்பு போய்விட்டதே என்று நினைக்க நினைக்க நெஞ்சு வலித்தது. அறைக்கு வந்து காக்காவிடம் சொன்னேன். அவர் தாடியைத் தடவிவிட்டு, "நக்கிள் எறிஞ்சாளா?" என்று கேட்டார்.

மறுநாள் புதிய எண்ணிலிருந்து அழைப்பு. மதுரா!

"காயம் ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

"அப்ப சொல்லுங்கோ, எந்தப் பந்து உங்களுக்குக் கஷ்டமா இருந்தது?"

ஸ்லைடர், வளைபந்து, காற்று, வெயில், எல்லாம் வாய்வரை வந்தன. முதன்முறையாக விழுங்கினேன்.

"மெதுவா வந்தது. எனக்குப் பேஸ்போலே தெரியாது. குகன் அண்ணைக்குப் பொய் சொன்னனான்."

"அது எனக்கு நீங்கள் மட்டையைத் தூக்கிக் கும்பிடேக்கையே தெரியும்." அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள் என்று போனிலேயே தெரிந்தது. "வாற ஆக்கள் எல்லாரும் என்னட்டை நல்லா நடிச்சவை. நீங்கள் நடிக்கவும் தெரியாத ஆள். அம்மாட்டை ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

நான் துள்ளி எழுந்து, எங்கள் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் தலையை இடித்துக்கொண்டேன். ஜமால் காக்கா என்னைக் கட்டிப்பிடித்து, தான்தான் பயிற்சியாளர் என்று கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

கல்யாணம் நடந்து, இப்போது இரண்டு பிள்ளைகள். குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் குகன் அண்ணை, பெண் கேட்டுக் காலில் விழுந்த மாப்பிள்ளையின் கதையை எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். மாமா கம்பியோடு ஓடிய பாகத்தை மாமாவே நடிப்பார். அதை நான் சமாளித்துவிடுவேன். சமாளிக்க முடியாதது வேறு. மதுரா கோபத்தில் சத்தம் போட்டால் பயமில்லை, அது வேகப்பந்து, நேராக வரும். ஆனால் அவள் என் பக்கத்தில் வந்து, மிக மெதுவாக, "இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கட்டே?" என்று தொடங்கினால் எனக்குக் கை தானாகச் சுழன்றுவிடும்.

போன வாரமும் அப்படித்தான் கேட்டாள். அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள், பார்க்கிங்கில் தூணில் காரை உரசியது நான்தான் என்பதையும், அவளுடைய பிறந்தநாளுக்கு வாங்கிய பூச்செடி பட்டுப்போனதால் அதே மாதிரி வேறொன்றை வாங்கி வைத்ததையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"நான் குடிக்கத் தேத்தண்ணி வேணுமோ எண்டெல்லோ கேக்க வந்தனான்" என்றாள்.