சும்மா உட்காரக்கூடாது

ஆம்பூர்,
பவ வருஷம், ஆடி மாதம் 10-ந் தேதி.

பெரம்பூர் ரயில் ஒர்க்ஷாப்பில் உத்தியோகம் பார்க்கும் மருமகப்பிள்ளை சிரஞ்சீவி கன்னியப்பனுக்கு, தாய்மாமன் ரத்தினசாமி ஆயுசும் ஐசுவரியமும் பெருக வாழ்த்தி எழுதிக்கொண்டது. இவ்விடம் உன் அத்தையும் எருமையும் சௌக்கியம். நான் சௌக்கியமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மானத்துக்குத்தான் கேடு வந்துவிட்டது.

ரயிலடிக்கு எதிரே ரங்கம்மாள் நடத்தும் காபி கிளப் உனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் அங்கே பேப்பர் வாசிப்பவன் உன் மாமன். நம்மூர்த் தோல் கிடங்குகளுக்கு வெள்ளிதானே லீவு. தொழுகை முடித்து அவர்களும், தலைமுழுகி நம்மவர்களும் வந்து நெருக்கி உட்கார்ந்தால் முன்னூறு பேருக்குக் குறையாது. பெஞ்சு இரண்டுதான், ஆனால் நீளம். நான் மூன்றாம் கிளாஸோடு நின்றது படிப்பு வராமல் அல்ல. அதற்குமேல் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை. பேப்பரில் நாலு வரி இருந்தால் நான் நாற்பது வரி வாசிப்பேன். சீமையில் ஒரு பிரபு குதிரையிலிருந்து விழுந்தார் என்று போட்டிருந்தால், குதிரையின் நிறம், அதன் தாயார் பெயர், விழும்போது பிரபு யாரைத் திட்டினார் என்பதெல்லாம் என் வாயிலிருந்துதான் ஜனங்களுக்குத் தெரியவரும்.

இப்படியிருக்க, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போனால் வாசல் நிலைக்கு மேலே புதுப் பலகை. என் தோஸ்த் ஹயாத் பாஷா, தோலைத் தடவிப் பார்த்தே ஆடு எந்த ஊரில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவார், ஆனால் அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. "இன்னா ரத்தினம், இன்னா எழுதிகீது?" என்றார். நான் ஓங்கி வாசித்தேன்: "ஜும்மா உட்காரக்கூடாது."

பலகையில் 'சும்மா' என்றுதான் இருந்தது. அதனால் என்ன? ஜமீனைச் சமீன் என்றும் ஜன்னலைச் சன்னல் என்றும் எழுதுகிற ஊரில் ஜும்மாவை வேறு எப்படி எழுதுவான்? வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஜும்மா என்று பெயர், நம்மூரில் அந்தக் கிழமைக்கே அதுதான் பெயர். வெள்ளிக்கிழமை உட்காரக்கூடாதாம்! ஹயாத் பாஷா முகம் சுண்டிப்போயிற்று. "பதினோரு வருஷமா அக்கா அக்கான்னு கூப்ட்டேனே" என்று திரும்பி நடந்துவிட்டார். அவர் உட்காராத இடத்தில் நமக்கென்ன காபி? முன்னூறு பேரும் பின்னாலேயே நடந்தோம்.

அன்று முதல் பாலாற்று மணலில் சபை கூடியது. கீழே கொதிக்கிற மணல், மேலே காற்று. பேப்பர் என் கையைவிட்டுப் பறந்து நாற்பது மைல் தள்ளி மேல்விஷாரம் போய்ச் சேர, அங்கே ஹயாத் பாஷாவின் மச்சான் அதை எடுத்து மீதியைப் படித்ததாகக் கேள்வி. ஆனால் பலகை தடுத்தது வெள்ளியை மட்டும்தானே? ஆகவே மற்ற நாளெல்லாம் கிடங்கு விட்டதும் நேரே கிளப்புக்குப் போய், விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்தோம். ரங்கம்மாள் கரண்டியும் கையுமாக வந்தாள்.

"போர்டு கண்ணுக்குத் தெரியலியா?"

"இன்னிக்கு செவ்வாக்கெழமதானேம்மா" என்றேன்.

"செவ்வாக்கெழமன்னா? பெஞ்சி இன்னா உங்கப்பன் வூட்டுதா?"

கிழமை தெரியாத பொம்பளையிடம் என்ன நியாயம் பேசுவது! மூன்றாம் வெள்ளிக்கிழமை ஹயாத் பாஷா பொறுக்கமாட்டாமல் வாசலில் நின்றே கேட்டுவிட்டார்.

"எங்க ஜும்மா ஒனக்கு இன்னா கெடுதல் பண்ணிச்சி அக்கா?"

"சும்மாவாலதான் பாயி என் கடையே பேஜாராப் போச்சி!"

"ஜும்மாவாலயா? யா அல்லா!"

"ஆமா. இனிமே சும்மாவ நான் இந்தப் படி ஏற விட்றதா இல்ல!"

பாஷா தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் பதறிப்போய், "இன்னா பாயி அழுவுற? ஒன்ன யாரு சொன்னா? வெள்ளிக்கெழமயில நீங்க வராம என் பாலு பூரா திரிஞ்சி போவுது!" என்றாள். அந்த நேரம் பார்த்து, கிடங்கில் ரைட்டர் வேலை பார்க்கும் அந்தோணி வந்து சேர்ந்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது. பலகையை அண்ணாந்து பார்த்து, "சும்மா உட்காரக்கூடாதுன்னு போட்டுக்கீது. காபி குடிக்காம குந்தாதன்னு அர்த்தம்" என்றான்.

முன்னூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். எழுதினவன் தப்புக்குப் படித்தவன் தலை! ரங்கம்மாள் கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "எல்லாரும் காபி குடிக்கிறாங்க. என் கடையில சும்மா குந்தறது நீ ஒருத்தன்தான்யா. இந்தப் போர்டே ஒனக்குத்தான்!" பேப்பரை என் கையிலிருந்து பிடுங்கி அந்தோணியிடம் கொடுத்துவிட்டாள்! ஹயாத் பாஷாவும் சிரித்தார், கன்னியப்பா. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகையால் நீ இக்கடிதம் கண்டதும் பட்டணத்தில் பெரிய வக்கீலாகப் பார்த்து ரங்கம்மாளுக்கு இங்கிலீஷில் நோட்டீஸ் விடவும். கடுமையான இங்கிலீஷாக இருக்கட்டும். உன் மாமன் அந்தக் கிளப்பின் நிழலில்கூட இனி ஒதுங்கமாட்டான், மழை பெய்தாலும் சரி. உனக்கு ஒரு குறையும் வராமல் குலதெய்வம் கூடவே காவல் நிற்கட்டும்.

இப்படிக்கு, மானம் பெரிதென்று வாழும் உன் தாய்மாமன்,
ரத்தினசாமி.

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் ஒரு வெள்ளிக்கிழமை கழிந்துவிட்டது. வக்கீலிடம் போகாதே. ஹயாத் பாஷா வீடு தேடி வந்தார். "அந்தோணி கால் மணியில முடிச்சிட்றான் ரத்தினம். பேப்பர்ல இருக்கறத மட்டும் படிக்கிறான். அதுல இன்னா கீது? ஆளுங்க எழுந்து போய்ட்றாங்கோ" என்றார். ரங்கம்மாளும், "அந்தாளச் சும்மா வந்து குந்தச் சொல்லு" என்று சொல்லியனுப்பியிருந்தாள். போனேன். இந்தக் கடிதத்தையும் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். தன்னை மருமகனுக்கு இவ்வளவு உயர்வாக எழுதியிருக்கிறேனே என்று ரங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீ ஊருக்கு வரும்போது இதைக் கொண்டுவராதே. அந்தோணி கண்ணில் படக்கூடாது.