இரும்பு வீட்டுக்கு முன்னால் நின்ற வரிசை

ஒரு காட்டில் குப்பாயி என்று ஒரு நண்டு இருந்தாள். காடு என்றதும் புலியையும் புளியமரத்தையும் தேடாதீர்கள். இது தண்ணீருக்குள் இருக்கிற காடு. இராமநாதபுரத்துக் கரைக்கு எதிரே, மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம் அடர்ந்து கிடக்கிற கடல் காடு.

குப்பாயிக்கு முன்பக்கம் கொடுக்கு, கால், மீசை எல்லாம் ஜம்பமாக இருக்கும். பின்பக்கம் மட்டும் நுங்கு மாதிரி மெத்தென்று இருக்கும், ஓடு கிடையாது. அவள் இனத்துக்கே அப்படித்தான். சங்கோ நத்தையோ செத்து விட்டுப்போன காலி ஓட்டைத் தேடி, பின்பக்கத்தை அதற்குள் சொருகிக்கொண்டு, வீட்டை இழுத்தபடியே போய்ப் பிழைக்க வேண்டும். உடம்பு பெருத்தால் வீடு மாற வேண்டும்.

அதற்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. எங்காவது ஒரு காலி ஓடு கிடந்தால் போதும், சுற்றுவட்டாரத்து நண்டுகள் எல்லாம் வந்து வரிசை கட்டிவிடும். பெரியவர் முன்னால், சின்னது கடைசியில். ஒருவர் வீட்டை அடுத்தவர் கொடுக்கால் பிடித்துக்கொள்வார். பெரியவர் புது வீட்டுக்குள் போவார். அவர் விட்டதில் இரண்டாமவர், அவர் விட்டதில் மூன்றாமவர். கண் மூடித் திறப்பதற்குள் ஊரே குடி மாறிவிடும். தள்ளுமுள்ளு கிடையாது. ஆனால் நடுவில் ஒருத்தர் கழன்றுகொண்டால் அதற்குப் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் அளவு பொருந்தாமல் போய்விடும்.

இப்போது குப்பாயிக்கு வீடு பற்றவில்லை. உள்ளே ஒடுங்கினால் முகமும் நான்கு காலும் வெளியே நிற்கும். அதைக் கிளாத்தி மீன் பார்த்து வைத்துக்கொண்டது. கிளாத்திக்குப் பல் உளி மாதிரி. போன வாரம் ஒரு காலைக் கடித்துக்கொண்டு போயிருந்தது.

"என்ன குப்பாயி, வீடு நெருக்கடியா இருக்கா? என் வயித்துல நல்ல காத்தோட்டமான இடம் காலியா இருக்கு, வாயேன்" என்று தினமும் காலையில் ஒரு தடவை விசாரித்துவிட்டுப் போகும்.

"ஒனக்கு அசீரணம் வந்து சாவ" என்பாள் குப்பாயி. சொல்வாளே தவிர, உள்ளுக்குள் நடுக்கம்தான். கால் முளைத்துவிடும். தலை முளைக்காது.

காலி ஓடு ஏன் கிடைக்கவில்லை என்றால், இரும்பு வீடு வந்ததால்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மேலேயிருந்து ஒரு பெரிய உருளை இறங்கியது. லாரித் தொட்டி மாதிரி நீளம், வட்ட வட்டமாகக் கண்ணாடி ஜன்னல். அதன் அடித்தரையில் ஒரு ஓட்டை. உள்ளே காற்றை இறுக்கி அடைத்திருந்ததால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறவில்லை. அதற்குள் நான்கு மனிதர்கள் குடியிருந்தார்கள். அங்கேயே தூங்கி, அங்கேயே சமைத்து, கடலைக் காப்பாற்ற வந்தவர்கள். குறை சொல்லக் கூடாது, நல்ல வேலை செய்தார்கள். பவளத்தில் சிக்கிக் கிடந்த அறுந்த வலைகளை எடுத்துப் போட்டார்கள். ஒடிந்த பவளக் குச்சிகளைச் சிமெண்டுப் பலகையில் நட்டு நாற்றங்கால் வைத்தார்கள். கூடவே, கணக்கெடுக்க வேண்டும் என்று காட்டில் கிடந்த காலி ஓடுகளை எல்லாம் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டில் எண் எழுதி, வீட்டுக்கு அடியில் ஒரு கம்பிக் கூடையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'கடல் வளம் காப்போம். எதையும் எடுக்காதீர்.'

குப்பாயி மனு கொடுக்கலாம் என்று மையப்பனிடம் போனாள். மையப்பன் ஒரு பேய்க்கணவாய். எட்டுக் கை, உடம்புக்குள்ளேயே மை. பாறைப் பொந்து வாசலில் உட்கார்ந்து மனு எழுதித் தருவது அவன் தொழில்.

"பேர்?"

"குப்பாயி."

"அப்பா பேர்?"

"முட்டையிலேயே மிதந்து வந்தவ அண்ணே. கூடப் பொறந்தது மூணு லட்சம். அப்பாவ யாரு கண்டா?"

"நிரந்தர முகவரி?"

"அது இல்லன்னுதானே மனு எழுத வந்திருக்கேன்!"

"முகவரி இல்லாம மனு செல்லாது தங்கச்சி. சட்டம் அப்படி. சரி, இப்ப இருக்கிறதச் சொல்லு."

அவன் அழகாக நான்கு வரி எழுதினான். ஐந்தாவது வரி எழுதும்போது முதல் வரி தண்ணீரில் கரைந்து போய்விட்டது. ஐந்தை முடித்துவிட்டு முதல் வரியை எழுதப் போனான், இரண்டாவதைக் காணோம். மத்தியானம் வரைக்கும் எழுதினான். கடைசியில் தண்ணீர்தான் கறுத்தது.

"நாளைக்கு வா, சர்வர் சரியில்லே" என்றான் மையப்பன்.

அவள் திரும்பி வருகிற வழியில் வீரணன் ஐயா இரும்பு வீட்டு ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்தார். அந்தக் காட்டிலேயே பெரிய நண்டு அவர்தான். குடியிருப்பது பாலாடைச் சங்கு கணக்கில் இல்லை, கோயிலில் ஊதுகிற சங்கு கணக்கில் ஒரு வீடு.

"குப்பாயி, ஓடியா, ஓடியா! இதைப் பாரு!"

அவளும் ஏறிப் பார்த்தாள். உள்ளே எஸ்கலின் என்கிற பெண் கட்டிலில் படுத்திருந்தாள். நாகராசன் என்கிறவர் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஒடம்பு முழுக்க மெத்து மெத்துன்னு இருக்கா இல்லியா?" என்றார் வீரணன்.

"இருக்குது ஐயா."

"கெட்டியான ஓட்டுக்குள்ள குடியிருக்காங்களா? வெளிய வந்தா முதுகுல ஒரு சின்ன ஓட்டக் கட்டிக்கிட்டு வர்றாங்களா?"

"ஆமா, அந்தக் காத்து உருளை."

"அப்புறம் என்ன! நம்ம ஆளுங்கடி இவங்க. நம்ம ரத்தம்!"

குப்பாயிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த நேரம் பார்த்து உள்ளே எஸ்கலின் சொன்னாள்: "நாகராசன் அண்ணே, நாளைக்குக் காலையில காலி பண்றோம். எல்லாத்தையும் கட்டி வைங்க."

வீரணன் ஜன்னலிலிருந்து விழுந்தே விட்டார். "காலி பண்றாங்களா! எவ்வளவு பெரிய வீடு! ஏ, எல்லாரையும் கூப்பிடு!"

விடிந்ததும் வரிசை நின்றது. வீரணன் முதலில். அவருக்குப் பின்னால் நாற்பத்தேழு நண்டுகள், வாலில் கடுகு மாதிரி ஒரு குட்டி நண்டு வரைக்கும். குப்பாயி இருபதாவது இடம். இரும்பு வீட்டு வாசலிலிருந்து வெட்டவெளி மணலில், ஒளிய ஒரு கல் கூட இல்லாத இடத்தில் நீண்டு கிடந்தது வரிசை.

மையப்பன் வந்து தலையில் நான்கு கை வைத்துக்கொண்டான்.

"அட அறிவு கெட்ட சனங்களா! அது மனுசன் வீடு. அத மேல தூக்கிட்டுப் போயிருவான். அப்படியே கொடுத்தாலும் வீரணையா, அத நீங்க எப்படி இழுத்துட்டுப் போவீங்க?"

"அது உள்ள போய்ப் பாத்துக்கலாம். நீ வரிசையில நிக்கிறியா, இல்ல வெறுமனே பேச வந்தியா?"

"குப்பாயி, நீயாவது வெளிய வா. ஒனக்குத்தான் பாதி ஒடம்பு வெளிய நிக்குதே!"

குப்பாயி முன்னாலும் பின்னாலும் பார்த்தாள். மையப்பன் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அவள் கழன்றால் பின்னால் இருக்கிற இருபத்தெட்டு பேருக்கும் வரிசை அறுந்துபோகும். "நிக்கிறேன் அண்ணே" என்றாள்.

அப்போது கிளாத்தி வந்தது.

வாசலிலிருந்து ஆரம்பித்து, கல்யாணப் பந்தியில் இலை பார்ப்பது மாதிரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தது. எல்லோரும் உள்ளே ஒடுங்கிக்கொண்டார்கள், ஆனால் யாரும் பிடியை விடவில்லை. இருபதாவது இடத்தில் வந்து நின்றது.

"அடடே, குப்பாயி! பரிமாறியே வச்சுட்டாங்களா?"

குப்பாயி கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாமல் அதன் பல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவன், "அக்கா, விட்டுறாதக்கா" என்றான், அழுகிற குரலில். அவள் முன்னால் இருந்த வீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

உள்ளே எஸ்கலின் ஜன்னல் வழியாகப் பார்த்தவள், "ஐயோ அண்ணே!" என்று கத்தினாள். "எல்லா நண்டும் வந்து வரிசையா நிக்குது! நம்மள வழியனுப்ப வந்திருக்குங்க!"

நாகராசன் எட்டிப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "என் தங்கச்சி கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு ஒழுங்கா யாரும் நின்னு வழியனுப்பல மேடம்."

"இதுங்களுக்கு நாம என்ன குடுக்கிறது?"

"காலையில கிண்டின உப்புமா மிச்சம் இருக்கு."

அவர்கள் தரை ஓட்டை வழியாக நீந்தி வந்து உப்புமாவை வீசினார்கள். நண்டுகள் ஒரு அடி நகரவில்லை. வரிசை உப்புமாவுக்கு இல்லையே! ஆனால் கிளாத்திக்கு அந்த வாசம் பிடித்துவிட்டது. குப்பாயியை விட்டுவிட்டுப் பாய்ந்து ஒரு உருண்டையை விழுங்கியது. ஆறிப்போன உப்புமா. தொண்டையிலேயே நின்றுவிட்டது. வாயைத் திறக்கவும் முடியாமல், மூடவும் முடியாமல் கிளாத்தி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"சாப்பாட்டுக்குக் கூட அசையல பாருங்க அண்ணே, அவ்வளவு பாசம்!" என்று எஸ்கலின் தண்ணீருக்குள் கை ஜாடையாலேயே சொன்னாள். பிறகு என்ன தோன்றியதோ, கம்பிக் கூடையைத் திறந்தாள். ஓடுகளையெல்லாம் எண்ணி எழுதியாகிவிட்டது, இனி மேலே சுமந்து போவானேன் என்று நினைத்தாள். நினைத்தவள் சும்மா கொட்டவில்லை. வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நீந்திக்கொண்டே, பூத் தூவுகிற மாதிரி ஓடுகளைத் தூவிக்கொண்டு போனாள்.

வானத்திலிருந்து வீடு மழையாகப் பெய்தது.

"இரும்பு வீடு கெடக்கட்டும்டி, மாத்து!" என்று வீரணன் ஒரு சத்தம் கொடுத்தார். சளக், சளக், சளக் என்று வரிசை முழுக்க ஒரே சத்தம். குப்பாயி வெற்று முதுகோடு ஒரு நொடி கடலில் நின்றாள்; அடுத்த நொடி புது வீட்டில் இருந்தாள். உள்ளே வழுவழுவென்று, சாய்ந்து உட்கார இடம், ஒரு பிரசவம் பார்க்கிற அளவுக்கு விசாலம்.

உப்புமாவை ஒருவழியாக விழுங்கிவிட்டுக் கிளாத்தி வந்து சேர்ந்தது. குப்பாயி கால், மீசை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, பெரிய கொடுக்கைக் கதவு மாதிரி சாத்தினாள்.

"ஒன் வயித்து இடத்த வேற யாருக்காவது வாடகைக்கு விடு" என்று உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு பெரிய கொக்கி இறங்கி இரும்பு வீட்டைப் பற்றித் தூக்கியது. மையப்பனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா? நான் சொன்னேனா இல்லியா, தூக்கிட்டுப் போவான்னு!"

வீரணன் அண்ணாந்து பார்த்துக் கொடுக்கை உயர்த்தி ஒரு கும்பிடு போட்டார். "அடேங்கப்பா, எம்மாம் பெரிய கொடுக்கு! அவர் நமக்கு முன்னாடியே வரிசையில நின்னிருக்காருப்பா. அவர் எடுத்துக்கிட்டது நியாயம்தான்."

மறுநாள் குப்பாயி மையப்பன் பொந்துக்குப் போனாள். "அண்ணே, அந்த மனுவுக்கு நிரந்தர முகவரி கேட்டீங்களே, இப்ப எழுதிக்கங்க. வீட்டு மேலேயே மஞ்சள்ல எழுதியிருக்கு, கதவு எண் இருநூத்திப் பதினாலு."

பொந்தில் ஆள் இல்லை. தூரத்தில் ஏதோ ஒரு கப்பல் நங்கூரம் போட்டிருந்தது. எதற்கென்று யாருக்கும் தெரியாது. ஆனால் நங்கூரத்துக்கு முன்னால் எட்டு இடம் பிடித்து, இடத்துக்கு ஒரு கையாக வைத்து, முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தான் மையப்பன்.

நீதி: விவரம் தெரிந்தவனுக்குக் கடைசியில் 'நான்தான் சொன்னேனே' என்பது மிஞ்சும். வீடு வேண்டுமென்றால் விவரம் தெரியாதவர்களோடு வரிசையில் நில்.