உப்புத்தாள் போட்ட துருவுபலகை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இருவரும் நலம். நீங்களும் அக்காவும் நலமாகவும் நல்ல மனநிலையிலும் இருப்பீர்கள் என்று நம்பியே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.

மரவள்ளிக்கிழங்கு மாவெடுக்கத் தாங்கள் கைப்படச் செதுக்கி அனுப்பிய மரச்சாமான்கள் மூன்றும் வந்து சேர்ந்தன. தொட்டியும் பிழிபலகையும் பிரமாதம். துருவுபலகையைப் பற்றித்தான் இக்கடிதம். நான் முப்பத்திரண்டு வருஷம் நாற்காலிக் கடையில் சரக்கைச் சோதித்தவன். உள்ளங்கையால் தடவுவேன், சொரசொரப்பு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தப் பழக்கதோஷத்தில் உங்கள் பலகையையும் தடவினேன். கை கிழிந்தது. பாவம், மச்சானுக்குக் கண் மங்கிவிட்டது, பாதி வேலையில் அனுப்பிவிட்டார், தங்கை பார்த்தால் வருத்தப்படுவாள் என்று நினைத்து, அவள் உங்கள் சித்தி வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷும் அடித்தேன். இப்போது அதில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம்.

திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அண்ணன் பலகை வந்துடுச்சா? பல்லெல்லாம் கூரா இருக்கா?" என்றாள். அதற்குப் பல் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "ரொம்பக் கூரு. நீ கை வைக்காதே, நானே துருவுறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பல் கையைக் கிழித்துவிடும் என்று சொல்லிப் பலகையைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, கிழங்கைத் தோலுரித்து, கத்தியால் பொடிப்பொடியாகக் கொத்தி, சாக்கில் கட்டிப் பிழிபலகைக்கு அடியில் வைத்து, சாறு வடியும்வரை மேலே நானே உட்கார்ந்திருக்கிறேன். முதுகு போச்சு மச்சான். அண்ணன் செஞ்சதுன்னு தெருப்பூரா சொல்லி வெச்சிருக்கா, விஷயம் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவா. அதே அளவில், அதே மரத்தில், பல்லோடு இன்னொன்று செய்து உடனே அனுப்புங்கள். உங்கள் காலில் விழுகிறேன், முதுகு சரியான பிறகு.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மைத்துனன்

பி.கு.: அண்ணா, இது நான் எழுதுவது. கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவர் கிழங்கு வாங்கப் போயிருக்கிறார். சித்தி வீட்டிலிருந்து வந்த அன்றே துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். முதலில் அழுகைதான் வந்தது. அப்புறம் அடுக்களையில் கொத்துகிற சத்தம் கேட்டது. கல்யாணமான இருபத்தொன்பது வருஷத்தில் தண்ணீர் குடிக்கக்கூட அவர் அடுக்களைக்குள் போனதில்லை. மூன்று வாரமாக நான் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து பலகை அனுப்பிவிடாதே. மரம் கிடைக்கவில்லை என்று அவருக்கு ஒரு வரி எழுதிப் போடு.