விருந்தாளி அம்மையும் மாடி வீட்டுத் தையல்காரரும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

இங்கு யாவரும் சுகம். அங்கு சுகக் குறைவு என்று கேள்விப்பட்டதால், சீக்கிரம் சுகமாகட்டும் என்று விரும்பி எழுதுவது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விமானத்தில் வந்து இறங்கிய உங்கள் சின்ன மகனுக்குத் தட்டம்மை என்றதும் பதறிப் போனேன். இப்போது தேறி நன்றாகச் சாப்பிடுகிறாராம், சந்தோஷம். ஆனால் ஒன்று கேக்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அம்மை எந்த வீட்டுக்கும் வரும், போகும். அதுக்கு இத்தனை பெருமையா? "எங்க வீட்டுக்கு வந்தது வெளிநாட்டு வகை, பரிசோதனை லேப்லேயே சொல்லிட்டாங்க"ன்னு கடைவாசல்ல நின்னு சொன்னீங்களாமே! கிருமிகூட உங்க வீட்டுக்கு உசத்தியாத்தான் வரணுமா?

அந்த லேப்ல அதைக் கண்டுபிடிச்சது யாரு? என் பேத்தி. உங்களுக்கும் பேத்திதான், இல்லேங்கலை. ஆனா மகன் வழி மகன் வழிதான். தொண்டையில பஞ்சுக் குச்சி விட்டு எடுத்து, அந்தக் கிருமி எந்த வம்சம், எந்த ஊர்லேருந்து கிளம்பினதுன்னு பூர்வீகத்தையே சொல்லிடுவா. பக்கத்து வீட்டுக்காரிகூட அவ்வளவு துருவமாட்டா. எனக்குப் புரியறாப்பல அவ சொன்னா: "பாட்டி, வெளியிலிருந்து வந்த அம்மை விருந்தாளி மாதிரி. சுத்தியிருக்கிறவங்களுக்கு ஊசி போட்டு வாசலோட அனுப்பிடலாம். ஊருக்குள்ளேயே சத்தமில்லாமப் பரவிட்டிருந்தா அது குடித்தனக்காரன். அப்படி ஒருத்தன்கூட இல்லைன்னு காட்டினாத்தான் அம்மை ஒழிஞ்சதுன்னு எழுதித் தருவாங்க." மாடியை வாடகைக்கு விட்டவளுக்கு இது புரியாதா? வருஷக்கணக்கா அந்த ஒரு எழுத்துக்காகத்தான் அவ நாயா அலையறா.

சரி. விசாரணைன்னு சொல்லி வாரம் பூரா உங்க வீட்டுலயே கிடந்தாளே, அது எனக்குத் தெரியாதா? பச்சைத் திரைக்குப் பக்கத்துல மெத்தை போட்ட நாற்காலி, கையில பழச்சாறு, அதுவும் வடிகட்டி! யார் சொன்னாங்கன்னு கேக்காதீங்க, காத்துவாக்கில வந்தது. என் வீட்டுக்கு வந்தா மட்டும் செருப்பைக்கூடக் கழட்டாம, "நேரமில்ல பாட்டி." அம்மை வந்த வீட்டுக்குத்தான் பேத்தி வருவான்னா நமக்கும் ஒண்ணு வந்து தொலையட்டுமேன்னு நெனைச்சேன்.

நெனைச்சது பலிச்சுது. மாடியில இருக்கிற தையல்காரருக்குக் காய்ச்சல், கண்ணு சிவப்பு, முகமெல்லாம் தடிப்பு. வந்தா பேத்தி! பெட்டி, குச்சி, ஊசி போட ரெண்டு நர்சம்மா, தெருவே திரண்டு நின்னுது. நானும் நாற்காலிக்கு மெத்தை போட்டேன், உங்களைவிட உசரமா. அவ உக்காரலை. "அண்ணே, போன வாரம், அதுக்கு முந்தின வாரம் எங்கெல்லாம் போனீங்க?"ன்னு அவரைக் கேட்டா. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவத்தைப் பார்த்தேன். "மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லம்மா"ன்னுட்டார். தங்கமான மனுஷன். பேத்தி முகம்தான் சுண்டிப்போச்சு. எங்கேயும் போகாத ஆளுக்கு வந்திருந்தா, அம்மை ஊருக்குள்ளேயே பதுங்கியிருக்குன்னு ஆயிடுமாம்.

ஆகவே, மேற்படி தையல்காரருக்கும் தங்கள் வீட்டிற்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். எங்க அம்மை எங்களுக்கே சொந்தம், உங்ககிட்ட இரவல் வாங்கினது இல்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கம். உங்கள் சின்ன மகன் நூறாண்டு வாழட்டும், கூடுமானவரை ஒரே ஊரில்.

இப்படிக்கு,
பேத்தியின் அப்பாவைப் பெற்றவள்

பி.கு.: உறையை ஒட்டுறதுக்குள்ள பேத்தி வந்துட்டா. தையல்காரர் கிருமியும் உங்க மகன் கிருமியும் அச்சு அசல் ஒண்ணாம். "ஆனா அங்கேருந்து இங்கே எப்படி வந்ததுன்னு தெரியலையே பாட்டி. நடுவுல இன்னும் எத்தனை பேருக்கு இருக்கோன்னு கேப்பாங்களே, நான் என்ன சொல்லுவேன்?"ன்னு மேசைமேல தலையைச் சாய்ச்சுட்டா. அவ அழுது நான் பார்த்ததில்லை. அதனால மேலே எழுதினதையெல்லாம் அடிச்சிடுங்க. அவ இல்லாத நேரம், நீங்க கடைக்குப் போன நேரமாப் பார்த்து, திரைக்கு அளவெடுக்கிற சாக்கில தையல்காரரை உங்க வீட்டுக்கு வேவு பார்க்க அனுப்பினது நான்தான். அறைக்குள்ள தனியா உக்கார்ந்து அலுத்துப்போயிருந்த உங்க மகனே வெளியில வந்து டேப்போட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு, நாற்காலி, பழச்சாறு எல்லாக் கதையும் சொன்னாராம். இதைக் கேட்டதும் பேத்தி அழுகையோடயே சிரிச்சு, "அப்போ நடுவுல வேற யாருமே இல்ல, நீ காப்பாத்திட்டே பாட்டி!"ன்னு என்னைக் கட்டிக்கிட்டா. உங்களை ஒருநாளும் இப்படிக் கட்டிக்கிட்டிருக்க மாட்டா. அப்புறம் எனக்கு விளங்கறதுக்காக ஒரு காகிதத்தில உங்க வீட்டை மேலே போட்டு, அதுலேருந்து ஒரு கோடு இழுத்து, என் வீட்டைக் கீழே போட்டுக் கொடுத்தா. முன்னறைச் சுவத்துல ஒட்டியிருக்கேன், தலைகீழா.